பிடியரிசிக் கஞ்சியும் ஆறு மணி ஆராதனையும்: நான்கு ஞாயிறு போய்வந்து எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆராதனை, ஏழு மணிக்குக் கஞ்சி. சபையார்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இப்படி நடக்கிறது என்று தங்கை சொன்னதால் போனேன். ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுவது நியாயமில்லை என்று தொடர்ந்து நான்கு ஞாயிறு போனேன். சபையின் பெயரைப் போடவில்லை. போதகர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், குறைகளையும் எழுதப்போவதால் எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

முதலில் கஞ்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறது.

நம் மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசி தெரியும். உலையில் அரிசி போடும் முன் அம்மா ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கே அதை ஏலம் விடுவார்கள், பணம் ஊழியத்துக்குப் போகும். கையில் காசு புழங்காத பெண்கள் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்த காணிக்கை அது. இப்போது பல வீடுகளில் அரிசி கிடையாது, கவரில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தச் சபையிலும் அப்படித்தான் ஆகியிருந்ததாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான் ஒருநாள், பணம் வேண்டாம், மறுபடி அரிசியே கொண்டுவாருங்கள், அதை இங்கேயே கஞ்சி வைத்து வருகிறவர்களுக்கு ஊற்றுவோம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பிடியரிசி ஊழியத்துக்கென்று எடுப்பது, அதை எப்படி நாமே சாப்பிடுவது என்று கமிட்டியில் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. நாமா சாப்பிடுகிறோம், வருகிறவன் அல்லவா சாப்பிடுகிறான், அதுதானே ஊழியம் என்று ஒரு பாட்டி கேட்டதோடு பேச்சு முடிந்ததாம்.

பல வீட்டு அரிசி என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் ரேஷன் புழுங்கல், சிவப்பு மட்டை. ஒன்றாகப் போட்டால் பொன்னி கரைந்துபோகும், மட்டை வேகாமல் நிற்கும். முதல் ஞாயிறு நான் குடித்தது அப்படித்தான் இருந்தது, பல்லில் கடிபட்டது. மூன்றாவது ஞாயிறு கொஞ்சம் முன்னாலேயே போய் அடுப்படியில் நின்று பார்த்தேன். சமைக்கிற அக்கா அரிசியை வாங்கும்போதே மூன்று வாளியில் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். மட்டையை முதலில் போட்டு, அது முக்கால் வேக்காடு வந்தபிறகு ரேஷன் அரிசி, கடைசியில் பொன்னி. “கடைசியா போடுகது கரையணும், அப்பதான் கஞ்சிக்கு ஒரு கொழுப்பு வரும்” என்றார். அன்றைக்குக் கஞ்சி நன்றாக இருந்தது, வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை. முழுப்பருக்கை அடியில், மேலே பால்போலக் கட்டியான தண்ணீர், தொட்டுக்கொள்ள சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். ஒரு ஞாயிறு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்தார்கள், அது யாரோ வீட்டு விசேஷத்துக்காக. துவையலில் மட்டும் காரம் குறைவு.

முதல் வாரம் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்தார்கள். சூட்டில் வளைந்தது, குப்பையும் சேர்ந்தது. அடுத்த வாரம் பிலாவிலை, அதாவது பலா இலை. இலையைக் கோட்டி ஈர்க்கில் குத்திக் கஞ்சி குடிப்பது எங்கள் பாட்டி காலத்து வழக்கம், எனக்கே கை மறந்துவிட்டது, இரண்டு இலையைக் கிழித்தேன். என் பக்கத்தில் ஜார்க்கண்டிலிருந்து ஹாலோ பிளாக் கம்பெனிக்கு வேலைக்கு வந்திருக்கிற ஒரு தம்பி. யார் செய்வதையும் பார்க்காமல் ஒரே மடிப்பில் இலையைக் கூம்பாக்கி ஈர்க்கிலைக் குத்தி என் கையில் கொடுத்தான். அவர்கள் ஊரில் சால் மரத்து இலையில் தட்டும் தொன்னையும் இப்படித்தான் தைப்பார்களாம். அதற்கப்புறம் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் அவன்தான் இலை மடித்துக் கொடுத்தான். அதுவரை அவனிடம் பேசியிராதவர்கள் அவனிடம் இலை கேட்டு வாங்கினார்கள்.

சரி, ஆராதனை.

மாலையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிவு கிடையாது, குடும்பமாக உட்காரலாம். முக்கால் மணி நேரம்தான். எந்தப் பக்கத்தில் என்ன ஜெபம் என்று புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டியதில்லை, ஒரே தாளில் எல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், எப்போது எழும்ப வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. பழக்கமில்லாத கோயிலில் எல்லோரும் எழும்பும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். வேத வாசிப்பும் நன்றாக இருந்தது. பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறை வாசித்துவிட்டு, கத்தோலிக்கரும் நம் சபைகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் அதையே மறுபடி வாசிக்கிறார்கள். பழைய தமிழின் அழகும் போகவில்லை, புதிதாக வந்தவருக்கு அர்த்தமும் புரிகிறது. இரண்டாவது ஞாயிறிலிருந்து மூன்றாவதாக இந்தியிலும் வாசித்தார்கள்.

சமாதானம் சொல்லும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் கையைச் சேர்த்துப் பிடித்து சமாதானம் சொல்வது நம் சபைக்கு ஆதியிலிருந்தே இருந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் நற்கருணைக்கு (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனைக்கு) புதிய முறைமை வந்தபோது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது அது. லண்டன் மிஷன் வழியில் வந்த நம் ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கு அது புதுமைதான். இந்த ஆராதனையில் நற்கருணை இல்லாவிட்டாலும் சமாதானம் சொல்வதை மட்டும் வைத்திருக்கிறார்கள், அவசரமில்லாமல், எழுந்துபோய்ச் சொல்ல நேரம் கொடுத்து. அந்தத் தம்பி முன் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்து “யேசு சஹாய்” என்றான். ஜார்க்கண்டில் லூத்தரன் சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் வார்த்தை அது. அம்மாவுக்கு சஹாய் என்பது சகாயம் என்று விளங்கிவிட்டது. “ஆமா மக்கா, அவருதான் சகாயம்” என்று அவன் கையை விடாமல் நின்றார்.

அவன் சபையின் கதையும் நம் கதை மாதிரியேதான். 1806இல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே நம் மயிலாடிக்கு வந்தார், 1845இல் கோஸ்னர் மிஷன் ஊழியர்கள் ராஞ்சிக்குப் போனார்கள், இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் ஜெர்மன்காரர்கள். இதை ஆராதனை முடிந்து கஞ்சிக்கு உட்கார்ந்தபோது போதகர் அவனிடம் சொல்ல, அவன் ஆச்சரியப்பட்டுப் போனான்.

மூன்றாவது ஞாயிறு பிரசங்கத்துக்குப் பதில் வில்லுப்பாட்டு. இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதை. வில், குடம், உடுக்கை, தாளம் எல்லாம் முறையாகக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் காம்பவுண்டுக்கு வெளியே நின்று கேட்டவர்களே இருபது பேர் இருப்பார்கள், அவர்களில் பாதிப்பேர் பக்கத்து அம்மன் கோயில் தெருக்காரர்கள், வில்லுப்பாட்டை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். பாடகர் ஒரு வரி சொல்லி நிறுத்த, பின்பாட்டுக்காரரோடு சேர்ந்து அவர்களும் “ஆமா” போட்டார்கள். அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் பாடுகிற வில்லை ஆலயத்துக்குள் கொண்டுவரலாமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் நாம் கண்ணீரோடு பாடுகிற கீர்த்தனைகளும் இந்த மண்ணின் ராகத்தையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு உண்டானவைதானே.

இனி எனக்குப் பிடிக்காதவை.

ஆராதனையைச் சுருக்குகிறோம் என்று விசுவாசப்பிரமாணத்தையும் பாவ அறிக்கையையும் எடுத்துவிட்டார்கள். புதியவர்களுக்குப் புரியாது என்று காரணம் சொன்னார்கள். எனக்கு இது தவறாகவே படுகிறது. பரமண்டல ஜெபத்தை எடுக்கவில்லை, அதைச் சொல்லும்போது நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நாங்கள் தமிழில் சொல்ல, அந்தத் தம்பியும் அவனோடு வந்த மூன்று பேரும் அதே ஜெபத்தை இந்தியில் சொன்னார்கள். நாங்கள் முடித்துவிட்டோம், அவர்கள் முடிக்கவில்லை. போதகர் ஆமென் சொல்லாமல் காத்திருந்தார். ஆலயம் முழுக்க அமைதி, அந்த நாலு பேர் குரல் மட்டும். அவர்கள் முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். விசுவாசப்பிரமாணம் தெரியுமா என்று பிறகு கேட்டேன், சின்ன வயதிலேயே மனப்பாடம் என்றான். பாட்டு அவனுக்குத் தெரியாது, பிரசங்கம் பாதிதான் புரியும், எங்களோடு அவன் முழுசாகச் சேர்ந்துகொள்ளக்கூடிய இடம் இந்தப் பழைய ஜெபங்கள்தான். அதையா எடுப்பது?

சுருக்க வேண்டியது அறிவிப்புகளை. காணிக்கை கொடுத்தவர் பெயரும் தொகையும் மைக்கில் வாசிக்கிற வழக்கத்தை காலை ஆராதனையிலிருந்து அப்படியே மாலைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் ஞாயிறு நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிடம். சபை வரி பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் வேறு. கூலி வேலைக்கு வந்து கையில் ஐம்பது ரூபாயோடு உட்கார்ந்திருப்பவன் இதைக் கேட்டு என்ன நினைப்பான்?

இதைவிட மோசம் புதியவர்களை எழுப்பி நிற்கவைத்தது. இரண்டாவது ஞாயிறு ஒரு சின்ன வயதுத் தம்பதி வந்திருந்தார்கள், பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடிவந்தவர்கள். பெயர், ஊர், வேலை எல்லாம் மைக்கில் சொல்லச் சொன்னார்கள், சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். கஞ்சி ஊற்றும்போது ஒருவர் அந்தப் பையனிடம் “ஆருக்க குடும்பம்? சொந்தக்காரங்க இங்க ஆரும் உண்டா?” என்று கேட்டார். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரிந்தது. பாதிக் கஞ்சியோடு எழுந்தார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். அதனாலேயே நமக்குப் புதியவர் என்று ஒருவர் இருப்பதே மனதில் தோன்றுவதில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கோயில் இருக்கும், எல்லோருக்கும் ஒரு பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளும் உரிமைக்காக 1859 வரை போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், நம் தாத்தாக்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியதே யாரோ உள்ளே வா என்று சொன்னதால்தான். வருகிறவனுக்குப் பிலாவிலையும் வில்லும் பழைய ஜெபமும் இடைஞ்சலாக இல்லை, இந்த ஒரு கேள்விதான் இடைஞ்சலாக இருந்தது.

நான் மட்டுமல்ல, தங்கையும் இன்னும் சிலரும் போதகரிடம் இதைச் சொன்னோம். நான்காவது ஞாயிறு யாரையும் எழுப்பவில்லை. வாசலில் ஒரு அக்கா நின்று தாளைக் கொடுத்து “வாங்க, உள்ள இருங்க” என்று மட்டும் சொன்னார். அறிவிப்பு மூன்று நிமிடத்தில் முடிந்தது. கீபோர்டில் ரிதம் போட்டுக் கீர்த்தனையின் தாளத்தையே அழுத்திவிடுவது மட்டும் இன்னும் மாறவில்லை, வாசிக்கிற பையனுக்கு ஆர்வம் அதிகம், சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கஞ்சி குடிக்க வருகிறவர்களை ஆராதனைக்கு இருந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் ஏழு மணிக்கு நேராகப் பந்திக்கு வருகிறார், குடிக்கிறார், நெற்றியில் திருநீறோடு அந்த அக்காவிடம் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவந்து வைத்தார். இது இப்படியே இருக்க வேண்டும். கஞ்சிக்கு விலையாக எதையும் எதிர்பார்த்தால் இது கெட்டுப்போகும்.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் நாலு மணிக்கு வைத்திருந்தார்களாம், வெளிமாநிலத்துப் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் துணி துவைத்து, மார்த்தாண்டம் சந்தைக்குப் போய், வீட்டுக்குப் போன் பேசுவார்கள் என்று கேட்டறிந்த பிறகு ஆறுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிடும், விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. காணிக்கைப் பை சுற்றிவராது, வாசல் பக்கம் ஒரு பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிப்போக பஸ்ஸை நம்ப வேண்டாம், பைக்கில் போவது நல்லது. மழை நாளில் பந்தி போடும் ஷெட்டில் ஒரு பக்கம் ஒழுகுகிறது.

வருகிற ஞாயிறு காணத் துவையல் (கொள்ளுத் துவையல்) என்று அக்கா சொல்லியிருக்கிறார், விசுவாசப்பிரமாணத்தை மறுபடி சேர்ப்பது பற்றி கமிட்டியில் பேசுவதாகப் போதகரும் சொல்லியிருக்கிறார். ஈர்க்கில் போதவில்லை என்று போன வாரம் சொன்னார்கள், எங்கள் வீட்டுத் தென்னையில் பச்சை ஓலை வெட்டியிருக்கிறேன், சீவிக் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.