ஸ்டிக்கர் இல்லையென்றால் லைசென்ஸும் இல்லையாம்: நான் ஏமாந்த கதை

லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டதால், எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) மாட்டி விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தரச் சொல்லி ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்தேன். வாங்கும்போதே விண்டோஸ் 10இன் ஹோம் எடிஷன் போட்டு வந்த மெஷின் அது.

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "பாருங்க சார், லைசென்ஸ் கீ எழுதின ஸ்டிக்கரே இல்லை. லைசென்ஸ் பழைய டிஸ்க்கோட போயிடுச்சு. புதுசாத்தான் வாங்கணும். ஹோம் எதுக்கு, ப்ரோவே ஒரிஜினல் போட்டுத் தர்றேன்" என்றார். ஸ்டிக்கர் இல்லாததை என் கண்ணாலேயே பார்த்தேன் அல்லவா, நம்பிவிட்டேன். டிஸ்க் மாற்றிய கூலி தனி, லைசென்ஸ் பணம் தனி.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள், உங்கள் விண்டோஸ் லைசென்ஸ் விரைவில் காலாவதியாகும் என்று திரையில் வந்து நின்றது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலுக்கு ஏது காலாவதி? போன் செய்தால், "ரினியூ பண்ணணும் சார், கொண்டு வாங்க" என்கிறார். அங்கேதான் பொறி தட்டியது.

கட்டளைகளை அடித்து இயக்கும் கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று சேர்த்து அடித்தால் லைசென்ஸ் எந்த வகை என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். என் பெட்டியில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்றிருந்தது. அது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும், அதாவது லைசென்ஸை உறுதிப்படுத்தும் முறை. ஒருமுறை ஆக்டிவேட் செய்தால் 180 நாள் தாங்கும். அதற்குள் மெஷின் அந்த சர்வரைத் திரும்பத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். என்னிடம் ஏது சர்வர்? அந்த ஆள் ஒரு திருட்டு டூலைப் போட்டு, என் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைத்திருக்கிறார். கொஞ்ச நாள் முன்பு பெயர் புரியாத ஒரு ஃபோல்டரைக் குப்பை என்று நானே அழித்திருந்தேன். சர்வர் அதோடு போயிருக்கிறது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

சரி, ஸ்டிக்கர் விஷயம். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில்தான் 25 எழுத்து கீயை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டுத் தரும் லேப்டாப்பில் கீ மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே (மெஷினை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிந்திருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வீசினாலும் அது அங்கேயே இருக்கும். மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். சர்வீஸ் தொழில் செய்பவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, அந்தக் கீ எந்த எடிஷனுக்கோ அதற்கு மட்டும்தான் வேலை செய்யும். ஹோம் கீயை வைத்துக்கொண்டு ப்ரோ ஏற்றினால் ஆக்டிவேட் ஆகாது. "பழைய கீ எடுக்கலை பாருங்க" என்று நிரூபிக்க இதைவிட வசதியான வழி உண்டா?

விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவைத் தயாரிக்கிற மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். 8 ஜிபி பென்டிரைவில் அதை வைத்து நானே மறுபடி ஏற்றினேன். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் அழித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஹோமா ப்ரோவா என்று கேட்கவே இல்லை. ஃபர்ம்வேரைப் படித்து அதுவே ஹோமை எடுத்துக்கொண்டது. முடிந்தபின் வைஃபை டிரைவர் இல்லை, ஆக்டிவேட்டும் ஆகவில்லை. ஒரு நிமிஷம் வயிறு கலங்கியது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் கொடுத்தேன், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறப்பதற்குள் ஆகிவிட்டிருந்தது. அதே பெட்டியைத் திறந்து பார்த்தால் இப்போது 'ஓஇஎம் டிஎம்' என்று காட்டுகிறது. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் என்று அர்த்தம்.

லைசென்ஸ் வாங்கியதற்கு பில் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். "சாஃப்ட்வேருக்கெல்லாம் பில் போடுறதில்லை சார்" என்றார். பணம் போனது போகட்டும். அந்தத் திருட்டு டூல் இருந்த ஃபோல்டரை விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பார்க்கக் கூடாது என்றும் விலக்கு கொடுத்து வைத்திருந்தார். பேங்க் வேலையெல்லாம் இத்தனை மாதமும் அந்த லேப்டாப்பில்தான் செய்தேன். இரண்டு நாளாக உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.