எக்ஸ்பல்ஸ் எடுக்கப் போகிறீர்களா? பின்வீலைக் கழற்றத் தெரியுமா?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. கணக்குப் போட்டால் ஷோரூம் விலையில் லட்சத்துக்கு ஏறக்குறைய 7,800 ரூபாய் மிச்சம். அன்றிலிருந்து "ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுக்கலாமா, 200 4வி-யா 210-ஆ?" என்ற கேள்வி ஓயவே இல்லை. எக்ஸ்பல்ஸ் காட்டுவழிக்கும் ஏற்றபடி ஹீரோ செய்யும் பைக்; 200 4வி, 210 இரண்டும் அதன் மாடல்கள். எஞ்சின் கணக்கெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அதைத் தாண்டிய சங்கதிக்கு வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 200 4வி-யின் சஸ்பென்ஷன் முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. இறங்கி ஏறும். முன்வீல் 21 அங்குலம் என்பதால் சாதா பைக் விழுந்து எழும் பள்ளத்தில் இது விழாமலே ஏறிக் கடந்துவிடும். வேகத்தடையில் பிரேக் பிடிக்கும் பழக்கமே போய்விடும். கேபிள் புதைக்கத் தோண்டி மண்ணைப் போட்டு மூடிய தெரு, ஜல்லி கொட்டி ஆறு மாதமாகத் தார் காணாத கிராமச் சாலை, எல்லாம் இதற்கு ஒன்றுதான். நம் ஊர் ரோட்டுக்கு இதைவிடப் பொருந்திய வண்டி இந்த விலையில் இல்லை.

குறை என்று எல்லோரும் சொல்வது நெடுஞ்சாலை வேகம். 19 குதிரைத்திறன், ஐந்து கியர். 90-ஐத் தாண்டினால் எஞ்சின் திணறுவது கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் தெரியும். செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் எஞ்சின் சற்றுத் தணிந்து ஓடும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஒரு பல்லுக்கான விலையை ஒவ்வொரு திருப்பத்திலும் கொடுக்க வேண்டும். இரண்டாம் கியரில் இழுக்காது, முதல் கியரில் கத்தும். 2025-ல் வந்த 210 இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது: லிக்விட் கூலிங், ஆறு கியர், 24 குதிரைத்திறனுக்கு மேல். ஆக, சக்தி வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறிவிட்டது. ஹெட்லைட் வெளிச்சம், சீட்டின் கடினம் எல்லாம் வெளியில் வாங்கிச் சரிசெய்யக்கூடியவை. அவற்றுக்காக நான் கோபப்படவில்லை.

எனக்குக் கோபம் பஞ்சரில்தான். இரண்டு மாடலுமே டியூப் டயர். இரண்டிலும் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. காட்டுவழி போவதற்கென்றே செய்த வண்டியை, காட்டுவழியில் வீலைக் கழற்ற முடியாதபடி விற்கிறார்கள். அலாய் வீல் போட்ட சாதா பைக்காரர் டியூப்லெஸ் டயரில் முள்ளைப் பிடுங்கி, ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார். எக்ஸ்பல்ஸ்காரர் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க ஆள் தேடுகிறார்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மண்சாலையில் போகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டயரின் ரப்பரையும் உள்துணியையும் தாண்டி டியூபைக் குத்தும். முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த பர்லாங்கிலேயே மறுபடி காற்று இறங்கும். இன்னொரு வகை பஞ்சர் கல்லால் வருவது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது கல்லின் விளிம்பில் டயர் ரிம்வரை நசுங்கும், நடுவில் டியூப் சிக்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தால் காரணம் இதுதான். ஒரு ஓட்டை என்றால் முள்ளைத் தேடுங்கள். இரண்டு என்றால் காற்றளவைக் கூட்டுங்கள். டியூப் டயரில் பாறைப் பாதைக்கு 18-20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்குவது வம்பு. இன்னும் இறக்கினால் ரிம்முக்குள் டயர் நழுவிச் சுழலும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு வேரோடு கிழியும். கிழிந்த வால்வுக்குப் பேட்ச் கிடையாது.

ரோட்டோரத்தில் பின்வீலைக் கழற்றும் முறை இது. முன் பிரேக் லிவரை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் வண்டி உருண்டு சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும். தரை உறுதியாக இருக்கும்போதே, வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, வீலின் நடுத்தண்டான ஆக்சிலின் நட்டைத் தளர்த்திவிடுங்கள். பிறகு வலப்பக்கம் முட்டுக் கொடுத்து முன்வீல், சைடு ஸ்டாண்ட், முட்டு என்று மூன்று காலில் நிறுத்த வேண்டும். முட்டு, பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையோ ஃபுட்ரெஸ்ட் அடியையோ தாங்கட்டும். ஆக்சில் நுனியில் கொடுத்தால் ஆக்சிலை உருவவே முடியாது. செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்து வைத்துக்கொண்டு, வீலை முன்னால் தள்ளிச் செயினை இறக்கி, ஆக்சிலை உருவுங்கள். ஆக்சிலில் இரண்டு பக்கமும் கோத்திருக்கும் குழாய்த்துண்டுகளான புஷ் மண்ணில் விழும். கீழே ஒரு துணி விரித்திருந்தால் பிழைத்தீர்கள். எந்தப் புஷ் எந்தப் பக்கம் என்று மொபைலில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் வெளியே வந்தபின் பிரேக் மிதியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, டிஸ்க் திரும்ப நுழையாது. 210-ல் பின்பக்கமும் ஏபிஎஸ் சென்சார் உண்டு, அதன் ஒயரை இழுத்துவிடாதீர்கள்.

டயரைப் பிரிப்பதில் பலமாக இழுத்துப் பயனில்லை, ரிம்மின் நடுப்பள்ளம்தான் முக்கியம். வால்வு அருகில் டயர் லிவர் (நெம்புகோல்) போடும்போது எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், இந்தப் பக்கம் தளர்ந்து எளிதாக ஏறிவரும். இறக்காமல் இழுத்தால் லிவர்தான் வளையும். டியூபை எடுத்ததும் டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும், விரல் தப்பிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு மங்கிக் காயும்வரை பொறுத்துப் பேட்சை ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டியது நிற்காது. டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருட்டிய பின்பே உள்ளே வையுங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வருகே முடிக்க வேண்டும். கடைசி லிவருக்கு முன் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளினால் டியூப் சிக்காது. வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள். டியூப் நழுவினால் வால்வு சாயும், கிழிவதற்கு முன்பே கண்ணில் படும்.

"டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடலாமே" என்பார்கள். ஸ்போக் துளைகளைப் பசையால் அடைத்துத் தருகிறார்கள்தான். ஆனால் டியூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பு உள்ளே நழுவாமலிருக்க ஒரு மேடு இருக்கும். டியூப் ரிம்மில் அது இருக்காது. காற்றளவு குறைந்த நேரத்தில் பக்கவாட்டு அடி விழுந்தால் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கி, இருக்கிற காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். தவிர, வீலின் கோட்டம் எடுக்க ஸ்போக்கைத் திருகிய மறுநாளே அடைப்பு விட்டுவிடும். டியூபுக்குள் ஊற்றும் திரவமும் சின்ன முள்ளுக்குத்தான் கைகொடுக்கும். பாம்புக்கடி ஓட்டை என்றால் வழிந்து டியூப் முழுக்க ஈரமாகி, பேட்சும் ஒட்டாமல் கெடுக்கும்.

இதற்குச் சரியான தீர்வு கம்பெனியிடம்தான் இருக்கிறது. ஸ்போக்கை ரிம்மின் ஓரத்தில் கோத்துவிட்டால் காற்றறையில் துளையே விழாது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-க்கு அப்படிப்பட்ட வீல் கூடுதல் விலைக்கு 2024-லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. கடும்பாறையில் ரிம் நெளிந்தால் டியூப்லெஸ்ஸிலும் காற்று கசியும், அதனால் டியூபே போதும் என்கிற ரேலிக்காரர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு அது இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பணம் கொடுத்தாவது வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் கனம் கூட்டும், கல்லில் இடிக்கும் என்பதும் சரிதான். அதற்குப் பதிலாக ஸ்விங் ஆர்மின் இருபுறமும் மறையிட்ட துளை ஒன்றும், சீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க மடக்குத் தடி ஒன்றும் கொடுப்பதில் என்ன தடை? முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் ஒரே ஸ்பேனரில் கழற்றும்படி செய்வதற்கு என்ன செலவு?

முடிவாக என்ன சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு ஒரே வண்டியாக எக்ஸ்பல்ஸ் எடுக்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்தவன் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில், மனைவியோ அப்பாவோ எடுத்துப் போன இடத்தில், இந்தப் பஞ்சர் ஒரு அரைநாளைத் தின்றுவிடும். 210-க்கு டியூப்லெஸ் வீல் வரட்டும், அன்றைக்கு நானே வரிசையில் நிற்கச் சொல்வேன்.

அதற்குள் பணம் கட்டிவிட்டவர்கள், ஜிஎஸ்டியில் மிச்சமான தொகையில் முதலில் 21 அங்குல டியூப் ஒன்று வாங்குங்கள். அந்த அளவு எல்லா பஞ்சர் கடையிலும் கிடைக்காது. அவசரத்துக்குப் பின்பக்க 18 அங்குல டயரிலும் அதை மடங்காமல் பார்த்து வைத்து மெதுவாக ஊர் சேரலாம். 18-ஐ முன்னால் வைக்க முடியாது. கூடவே இரண்டு ஆக்சில் நட்டுக்கும் அளந்து பார்த்து வாங்கிய ஸ்பேனர்கள், மூன்று டயர் லிவர், வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றும் கருவி, பேட்ச், கைப்பம்பு, மடக்குத் தடி. தடியை வாங்கும் முன் வண்டியை நிமிர்த்திப் பிடித்துத் தரையிலிருந்து ஸ்விங் ஆர்ம் அடிவரை அளந்து, அதைவிட இரண்டு அங்குலம் நீளமாக எடுங்கள். அப்போதுதான் வீல் தரையை விட்டு எழும்பும். முதல் கழற்றலை வீட்டு வாசலிலேயே, பகலில் செய்து பாருங்கள். ஷோரூமில் ஏர் கன்னால் முடுக்கிய ஆக்சில் நட்டு உங்கள் கைக்கு அசைகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.