கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா: பயன்படுத்துபவர்களுக்கான போன்

சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவைப் பொறுத்தவரை என் மனக்குறை கருவியின் மீதன்று. அதை வாங்கிவிட்டு வாட்ஸ்அப்போடும் யூடியூபோடும் நிறுத்திக்கொள்பவர்கள் மீதுதான். 2024 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமானபோது இதன் தொடக்க விலை 1,29,999 ரூபாய்.

இதன் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல் திறன் கொண்டதாயினும், நாமாக மாற்றாதவரை 12 மெகாபிக்சல் படங்களையே எடுக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் அதுவே நல்லது. ஆனால் நல்ல வெயிலில் கோயில் கோபுரத்தை எடுக்கும்போது 200ஐத் தேர்ந்தெடுத்தால், பின்னர் படத்தைப் பெரிதாக்கிச் சுதைச் சிற்பங்களின் முகபாவத்தைக்கூட ரசிக்கலாம்.

உறவினர் ஒருவர் இதே போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்திரத்தை ஸ்கேன் செய்ய ஜெராக்ஸ் கடையில் காத்து நின்றார். காகிதத்தின் மேல் கேமராவைப் பிடித்தாலே ஸ்கேன் பொத்தான் தோன்றும். அழுத்தினால் ஓரங்களை வெட்டி, பக்கத்தை நேராக்கித் தந்துவிடும். போனின் அடியில் செருகியிருக்கும் எஸ் பென் என்ற எழுதுகோலை அவர் உருவியதே இல்லை. பிடிஎஃப் கோப்பில் அதைக் கொண்டே குறிப்பெழுதலாம் என்று காட்டியபோது, “இதெல்லாம் நமக்கெதுக்கு மாப்ளே?” என்றார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

போனைக் கணினிபோல் இயக்க உதவும் டெக்ஸ் வசதியின் மூலம் அதை மானிட்டரிலோ டிவியிலோ இணைத்து, விசைப்பலகையும் மவுசும் சேர்த்தால், தனிக் கணினி இல்லாத மாணவர்கூட கட்டுரைகளை வசதியாகத் தட்டச்சு செய்யலாம். அறிமுகமானதிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பும் உண்டு. இவற்றைத் தொடும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இருபதாயிரம் ரூபாய் போனே தாராளமாகப் போதும்.