பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: ட்ராக்கில் ஓட்ட வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வாங்கிய பிறகு முதல் பணத்தை எதில் போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மடிப்புக் கூரை வைத்த இந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குக் குதிரைத்திறன் போதாது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு டர்போ மாட்டக் கிளம்பினால் ஒரு சீசன் முழுக்க கார் ஜாக்கி மேலேயே நிற்கும். எம்எக்ஸ்-5ஐ ட்ராக்கில் படுக்க வைப்பது சூடுதான். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், முன்சக்கர பேரிங் ஆகிய மூன்றையும் கவனித்துவிட்டால் 30 வருடப் பழைய காரும் காலையில் ட்ராக்குக்குப் போய், நாள் முழுக்க ஓடி, மாலையில் தன் சக்கரத்திலேயே வீடு திரும்பும். இந்த விலையில் அப்படி ஓடக்கூடிய வேறு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பார்வையில் இல்லை.

இங்கே பேசுவது முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றி மட்டும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது முதல் தலைமுறையான என்ஏ. 1998 முதல் 2005 வரை வந்தது இரண்டாவதான என்பி. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் முதல் தலைமுறைக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். இந்தியாவில் மாஸ்டா இதை விற்கவில்லை என்பதால் இது பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியா, வட அமெரிக்கா பக்கம் இருக்கும் வாசகர்களுக்கே பயன்படும். 2016 ஏப்ரலில் எம்எக்ஸ்-5 வரிசையின் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. அவ்வளவு விற்ற கார் என்பதால்தான் இன்றும் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ஆரம்பகால 1.6 லிட்டர் இன்ஜின் கார் சுமார் 950 கிலோதான். நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும். பேட்டரியை டிக்கியில் வைத்து எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்சக்கரம் உடனே பதில் சொல்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும்போது அதன் உயரத்தை அளந்து பொருத்தாவிட்டால், வேகமெடுத்ததும் தரை அதிரும்.

எந்த வருடம்? கேட்டால் 1994 அல்லது அதற்குப் பின் வந்த 1.8 என்போம். 12 குதிரைத்திறன் கூடியிருப்பது பெரிய விஷயமில்லை. டிஃபரன்ஷியலின் ரிங் கியர் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமானது. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை அனுப்பும் டார்சன் எல்எஸ்டி டிஃபரன்ஷியல் கிடைத்தது. முன் டிஸ்க் 235லிருந்து 255 மி.மீ. ஆனது, பின் டிஸ்க் 231லிருந்து 251. இந்த மூன்றையும் 1.6இல் தனித்தனியாக வாங்கி மாற்றினால் விலை வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும். 1991 மத்திக்கு முந்தைய 1.6 என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கு, அதாவது புல்லி பொருந்தும் முன்முனை, குட்டை. முன்னால் உள்ள பெரிய போல்ட் தளர்ந்து, சாவிப்பள்ளம் தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பித்தால் கிராங்கே வீணாகிவிடும். அடையாளம் காண்பது எளிது: புல்லியின் நடுப்பகுதியில் 4 வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் நீள மூக்கு. இன்ஜின் ஓடும்போது புல்லியை டார்ச் அடித்துப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இன்ஜினைவிடத் துருவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மடிப்புக் கூரையில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்கடிப் பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். என்ஏவில் ஸ்டார்ட் செய்ததும் வரும் டிக் டிக் சத்தம் வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டருடையது. நல்ல ஆயில் ஊற்றிச் சூடேறியதும் அடங்கினால் கவலையில்லை.

இனி சூடு. இந்த இன்ஜின் முன்சக்கரம் இழுக்கும் மாஸ்டா 323 குடும்பத்திலிருந்து வந்தது. குறுக்கே படுத்திருந்ததை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, தண்ணீர் வெளியேறும் வாயையும் தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கு ஏற்ப ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். விளைவு, தண்ணீர் முன்னாலேயே நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. நான்காவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு. சாலையில் இது தெரியாது. 20 நிமிடம் 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டும்போது தெரியும். தெர்மோஸ்டாட்டை சிலிண்டர் ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டரின் மேல்வாய்க்குத் தனிக்குழாய் கொண்டுவந்து, முன்வாயை அடைப்பதுதான் கூலன்ட் ரீரூட். தயார் கிட்டாகவே கிடைக்கிறது. வெப்ப நாட்டில் ஓட்டுபவருக்கும் டர்போ வைத்தவருக்கும் இது கட்டாயம். குளிர் நாட்டில், கம்பெனி இன்ஜினோடு ஓட்டுபவர் அதற்கு முன் மூன்று சின்ன வேலைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது ரேடியேட்டர். மேல் தொட்டியின் கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தால் அது விரிசல் விடப்போகிறது. யோசிக்காமல் அலுமினிய ரேடியேட்டருக்கு மாறுங்கள். இரண்டாவது, இன்ஜினுக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. பழைய கார்களில் பாதிக்குப் பாதி அது இருக்காது. ஆயில் மாற்றும்போது கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். அது இல்லாவிட்டால் முன்னால் நுழையும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துப் போகாமல் கீழே நழுவிவிடும். அதனால்தான் சில கார்கள் டிராஃபிக்கில் சரியாக இருந்து, வேகத்தில் மட்டும் சூடேறுகின்றன. மூன்றாவது, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை ஃபோம் பட்டையால் அடைப்பது. பத்து நிமிட வேலை. கூலன்ட் மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும்; நிரப்பும்போது காரின் மூக்கைத் தூக்கி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

டேஷ்போர்டில் உள்ள டெம்ப்ரேச்சர் முள்ளை நம்ப வேண்டாம். பரந்த வெப்ப அளவுக்கு அது நடுவிலேயே அசையாமல் நிற்கும். அது நகர்வதற்குள் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். 1995க்குப் பிந்தைய கார்களின் ஆயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான், உண்மையான அளவைக் காட்டுவதில்லை. கூலன்ட் சூட்டுக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று என்று தனி சென்சாரோடு இரண்டு அளவுமானி வாங்குங்கள். எக்ஸாஸ்ட்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் பாதிகூட ஆகாது.

பிரேக்குக்கு வருவோம். 1.8இன் 255 மி.மீ. டிஸ்க்கே சாதாரண இன்ஜினுக்குப் போதும். 2001க்குப் பிறகு சில என்பி மாடல்களில் வந்த 270, 276 மி.மீ. செட் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), பிராக்கெட், டிஸ்க் எல்லாம் ஒரே செட்டாக மாற வேண்டும், 15 அங்குல வீலும் வேண்டும். அவசரமாக மாற்ற வேண்டியது பிரேக் ஆயிலும் பேடும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போல, புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆயிலை ஊற்றுங்கள். அது ஈரத்தை வேகமாக உறிஞ்சும். திறந்த டப்பாவை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். ஒவ்வொரு ட்ராக் நாளுக்கு முன்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் பாகம்) தூரமான சக்கரத்தில் தொடங்கி, பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுங்கள். ரேஸ் பேட் முன்னால் போட்டால் பின்னால் ஒரு படி சாதுவானதைப் போடுங்கள். பின்னாலும் அதே கடிப்பு இருந்தால் வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். பேடின் தடிமன் 5 மி.மீட்டருக்குக் கீழே வந்ததும் மாற்றிவிடுங்கள்; மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அனுப்பிவிடும்.

காற்றெடுத்த பிறகும் பெடல் ஆழமாகப் போகிறது என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றுபவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் பின் காலிப்பரின் சரிசெய்யும் ஸ்க்ரூ. காலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. போல்ட் ஒன்று மூடியாக இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவிக்கான துளை. பேட் டிஸ்க்கைத் தொடும்வரை வலப்பக்கம் திருகி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். பெடல் மேலே வந்துவிடும், ஹேண்ட்பிரேக்கும் சரியாகும். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவதும் இதே ஸ்க்ரூவை இடப்பக்கம் திருகித்தான். சி-கிளாம்ப் போட்டு நெரித்தால் காலிப்பர் பாழ்.

முன்சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகமான ஹப், தரையை இறுகப் பிடிக்கும் டயரை விரும்பாது. பேரிங்கைத் தனியாக மாற்ற முடியாது, முழு ஹப்பாகத்தான் வாங்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; லேசான ஆட்டம் இருந்தாலும் அன்று ஓட்டாதீர்கள். ஆடும் ஹப், பேடைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த வளைவில் பெடலை வெறுமையாக்கும். வீல் நட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, முதல் செஷன் முடிந்து ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.

டயர் 205/50 ஆர்15, வீல் 15க்கு 7 அங்குலம். காற்றை ஆறியிருக்கும்போது 25 பிஎஸ்ஐயில் தொடங்கி, சூட்டில் 30-32க்குள் நிற்கும்படி வெளியேற்றுங்கள். அலைன்மென்ட்டில் கேம்பர் என்பது சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம், டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. முன் கேம்பர் மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி, பின் கேம்பர் அதைவிட அரை டிகிரி குறைவு, முன் டோ பூஜ்யம், பின் டோ ஒரு துளி உள்நோக்கி. ஓட்டுநர் இருக்கையில் அவர் எடையை வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு லேசான காரில் 75 கிலோ பெரிய வித்தியாசம். சஸ்பென்ஷனின் கீழ்க்கைகளில் கோணத்தைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் போல்ட்கள் புஷ்ஷோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போகும் ஒரு வாரம் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து அசைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் கைவிரித்துவிடுவார்.

ஸ்பிரிங்கில் அமெரிக்க ஸ்பெக் மியாட்டா பந்தயக் கார்களைப் பார்த்து முன்னால் 12.5 கிலோ, பின்னால் 5.8 கிலோ என்று மி.மீட்டருக்கு வாங்கிவிடாதீர்கள். அது சாலைக்கு வராத கார். வீட்டிலிருந்து ஓட்டிப்போகும் காருக்கு முன்னால் 8, பின்னால் 5 போதும். அடிச்சட்ட விளிம்பின் உயரம் முன்னால் 115 மி.மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஷாக் அப்சார்பர் ரப்பர் தடுப்பில் மோதி, வளைவின் நடுவில் பிடி திடீரென்று விட்டுப்போகும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஆன்ட்டி-ரோல் பாரை மிகக் கடினமாக்குவதும் தவறு. உள்சக்கரம் தூக்கிக்கொண்டால் டார்சன் வேலை செய்யாது, காற்றில் சுற்றும் சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுற்றும். டார்சனுக்கு ஜிஎல்-5, 75டபிள்யூ-90 ஆயில் 1 லிட்டர், 1.6இன் சின்ன டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர்தான். கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர்.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாமல் இந்தக் காரை ட்ராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அழகுக்கு விற்கும் வளையங்கள் கணக்கில் வராது. சட்டத்தில் தடித்த தகடு வைத்துப் போல்ட் போட்ட, குறுக்குக்குழாய் உள்ள பார் வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து பாரின் உச்சிவரை ஒரு துடைப்பக்கட்டையை வைத்தால் ஹெல்மெட் அதற்குக் குறைந்தது 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு இது இடிக்கும். இருக்கையின் அடி ஃபோமை வெட்டினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், இல்லையேல் தாழ்வான பக்கெட் சீட். தலைக்கருகில் வரும் குழாய்க்கு எஸ்எஃப்ஐ 45.1 தரத்துக் கெட்டி உறை போடுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற ஃபோம் அடியைத் தாங்காது.

கால் டேங்குக்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் நீண்ட வளைவுகளில் இன்ஜின் இருமும்; அரை டேங்க் இல்லாமல் செஷனுக்குப் போகாதீர்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கி.மீ. என்று எழுதியிருந்தாலும் காரின் வரலாறு தெரியாவிட்டால் வாங்கியதும் வாட்டர் பம்ப்போடு மாற்றிவிடுங்கள். இன்ஜினின் பின்னால் ஆயில் வடிந்தால் உடனே கிராங்க் சீல் என்று முடிவுகட்ட வேண்டாம். இன்ஜினின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டிப்பட்டால் ஆயில் அதே இடத்தில்தான் வடியும். அந்த ரிங் சில்லறை விலை.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு முன் ஹப், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் சின்ன சிலிண்டர்), மேல் ரேடியேட்டர் ஹோஸ், ஒரு டப்பா பிரேக் ஆயில், 4 மி.மீ. ஆலன் சாவி. ஸ்லேவ் சிலிண்டர் சொல்லாமல் கொள்ளாமல் கசியும், கிளட்ச் பெடல் தரையிலேயே படுத்துவிடும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இரண்டே போல்ட், ஒரு குழாய். கையில் பாகம் இருந்தால் மதிய உணவு இடைவேளைக்குள் மாற்றிவிட்டு அடுத்த செஷனுக்குப் போய்விடலாம்.