பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெட் சென்டர்: ஐந்துக்கு இரண்டு

அருப்புக்கோட்டையில் வீட்டோடு தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். போன வருடம் என் மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த நெட் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்தத் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பார். காத்திருப்பவர்களுக்கு நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு. போட்டோவையும் கையெழுத்தையும் கேட்கிற அளவுக்குச் சுருக்குவதில் கெட்டிக்காரர். ஸ்கேன் கண்ணாடி மாதிரி இருக்கும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. அதற்கு மேல் அவர் கூலி 300, ஸ்கேனுக்குத் தனி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், கடையில் கால் வைக்க இடமில்லை. அரை மணி நேரத்தில் எங்கள் வேலையை முடித்துவிட்டார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அளவு ஜாக்கெட் கொடுக்காமல் யாரும் துணியை நீட்டினால் நான் கத்தரியை எடுக்கவே மாட்டேன். இவர் எதையும் கேட்காமலே டிக் அடித்துக்கொண்டு போனார். மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. இவர் ‘அரசுப் பள்ளி’ என்று போட்டு, 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆமாம் போட்டிருந்தார். அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. வீட்டுக்கு வந்து பிரிண்டைப் படித்துப் பார்த்தபோது மகள்தான் கண்டுபிடித்தாள். மறுநாள் போய்ச் சொன்னால், "போட்டா போட்டதுதான் அக்கா, கிடைச்சா லாபம்தானே" என்றார். சான்றிதழ் சரிபார்க்கும்போது பொய்த் தகவல் என்று மாட்டிக்கொள்வது யார், நீயா நானா என்று கேட்ட பிறகுதான் திருத்தினார்.

அவர் வாயால் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள். எதிர்வீட்டுப் பையன் கணிதத்தில் 38, இயற்பியலில் 44, வேதியியலில் 41. "கட் ஆஃப் நூறுக்குக் கீழே, விண்ணப்பமே போட முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கட் ஆஃப் என்பது ரேங்க் போடுவதற்கான மார்க், தகுதி வேறு. தகுதிக்குப் பார்ப்பது இந்த மூன்று பாடங்களின் சராசரி: ஓ.சி. என்றால் 45 சதவீதம், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. எல்லாருக்கும் 40. பையனுக்கு 123-ஐ மூன்றால் வகுத்தால் 41. அவர்களும் எங்களைப் போல பி.சி.தான், தாராளமாகப் போடலாம். பாஸ் மார்க் 35 என்பதால் மூன்றிலும் 35 வாங்கியவர்கள் பாஸ்தானே என்று வந்து நிற்பார்கள், அவர்களுக்குத்தான் சிக்கல்.

கட் ஆஃப் கணக்கு இப்படி: கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200. என் மகளுக்கு 91, 84, 88. ஆக 91, 42, 44, கூட்டினால் 177. தமிழில் 97 வாங்கியிருந்தாள், அது இந்தக் கணக்கில் வராது என்று அவளுக்கு ரொம்ப வருத்தம். என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சரின் மகள் கணிதம் இல்லாத குரூப் எடுத்தவள், 560 மார்க். கவுன்சிலிங்கில் அவளுக்கு இடமே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டியது.

விண்ணப்பம் போட்ட ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் ராண்டம் எண் வந்த அன்று இன்னொரு கூத்து. "சின்ன நம்பரா வந்திருக்கு, நல்ல ரேங்க்" என்று ஒரு அப்பாவிடம் சொல்லி இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார். அது ரேங்க்கே இல்லை. ஒரே கட் ஆஃப் உள்ளவர்களை வரிசைப்படுத்த முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறந்த தேதி வரைக்கும் பார்த்தும் தீராவிட்டால்தான் இந்த எண்ணைத் தொடுவார்கள்.

இதெல்லாம் சில்லறை. எங்களைப் பாடாய்ப் படுத்தியது இமெயில்தான். பதிவு செய்யும்போது மகளுக்கு இமெயில் இல்லை. "நம்ம கடை மெயில் இருக்கு அக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று அதையே போட்டார். மொபைல் எண்ணும் அவருடையது, பாஸ்வேர்டும் அவர் நோட்டில். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததே, அதன் ரகசியம் இதுதான்.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும் நாளில் அவரிடம் ஒரு லிஸ்ட் தயாராக இருந்தது. எல்லாருக்கும் அதே லிஸ்ட். முதல் ஐந்து இடத்தில் இருந்த கல்லூரிகளின் காலண்டர்கள் கடைச் சுவரில் தொங்கியதை மகள் எனக்குக் கண்ணால் காட்டினாள். அவளே ஒரு வாரம் உட்கார்ந்து, முந்தைய வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட் ஆஃபில் முடிந்தது என்று பார்த்து, 64 வரிசை எழுதி வைத்திருந்தாள். கடை கம்ப்யூட்டரில் அவளே அடித்தாள். அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டார், அது நியாயம்தான்.

தற்காலிக ஒதுக்கீடு, அதாவது பட்டியலில் உள்ள இன்ன இடம் உங்களுக்கு என்ற செய்தி, வந்தால் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். எங்களுக்கு வந்த செய்தி அவர் மெயிலில், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் செய்தியோடும் சேர்ந்து கிடந்தது. சேலைக்கு ஃபால்ஸ் வைக்க வந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணுக்கு எங்க கிடைச்சுது?" என்று சாயங்காலம் கேட்கும்போதுதான் எங்களுக்கே தெரியும். ஓடிப்போனால் கடை பூட்டு. மதுரையில் ஏதோ காதுகுத்தாம். பதினொரு தடவை போன் அடித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார், பின்னால் மேளச் சத்தம். அவர் வீட்டம்மாவிடம் நோட்டைப் பார்க்கச் சொல்லி, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் துணியில் கோடு போடும் சாக்பீஸால் மேசைமேல் எழுதினேன். மகள் என் போனிலேயே உள்ளே போனாள். ஆறாவது விருப்பம் கிடைத்திருந்தது.

அங்கே ஐந்து பதில்கள் இருக்கும். ஒன்று, ஏற்றுச் சேர்கிறேன்; இரண்டு, ஏற்கிறேன், ஆனால் பட்டியலில் இதற்கு மேலே உள்ள விருப்பம் காலியானால் மாற்றுங்கள்; மூன்று, இது வேண்டாம், மேலே உள்ளது மட்டும்; நான்கு, இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; ஐந்து, விலகுகிறேன். மகள் இரண்டாவதைத் தொட்டாள். அவர் கையில் இருந்திருந்தால் முதலாவதை அழுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். கடைசியில் அவள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த விருப்பமே கிடைத்தது.

பணம் கட்ட அரசு சேர்க்கை உதவி மையத்துக்குப் போனபோதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். விண்ணப்பம் போடுவதிலிருந்து சான்றிதழ் பார்ப்பது வரை அங்கே கூலியே கிடையாது, விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புப் போகும் முதல் பிள்ளை இவள். முதல் பட்டதாரி சான்றிதழோடு சேர வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததை அங்கிருந்த பெண்தான் சுட்டிக்காட்டினார். நெட் சென்டரில் அதை ஸ்கேன் எடுத்தவர் அழகாக எடுத்திருந்தார், பார்க்கத்தான் இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம், அரை நாள் தையல் கூலி போகும். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைத்தான் செலவழித்திருப்பேன்.

இந்த வருடம் எதிர்வீட்டுப் பையன் அந்த உதவி மையத்துக்கே போய் அவன் பெயரில் மெயில் திறந்து பதிவு செய்தான். என் மகள்தான் கூடப் போனாள்.

நெட் சென்டருக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று ஸ்கேனுக்கு, ஒன்று காதுகுத்துச் சத்தத்துக்கு நடுவிலும் போனை எடுத்ததற்கு. ஜெராக்ஸுக்கு இப்போதும் அங்கேதான் போகிறேன், பக்கம் இரண்டு ரூபாய்.