நீலகிரியில் வணிக ஆங்கிலம் கற்க நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

உதகை, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் பி.காம். படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் படுக மொழியோ தமிழோ மலையாளமோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரு முழுக் கடிதத்தைத் தாமாக எழுத வேண்டிய நிலை அவர்களுக்குக் கல்லூரியில்தான் முதன்முதலாக வருகிறது. நான் குன்னூரில் தேயிலை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவன். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கல்லூரிப் பாடமே போதுமா, பணம் கட்டிச் சர்வதேசச் சான்றிதழ் வாங்க வேண்டுமா, இணையவழிப் படிப்பில் சேரலாமா, அல்லது விடுமுறையில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பழகுவது நல்லதா?

நான் கையாளும் அளவுகோல் ஒன்றுதான். மாணவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதை நம்பி ஒரு வேலையைச் செய்யப்போகிறவர் மறுமுனையில் இருக்கிறாரா என்று பார்க்கிறேன். வணிக ஆங்கிலம் விலை சொல்லவும், சரக்கு அனுப்பவும், தவணை கேட்கவும், நேர்ந்த தவறைச் சரிசெய்யவும் பயன்படும் மொழி. அதைப் படிப்பவர் எதையாவது செய்தாக வேண்டும்.

கல்லூரிப் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பகுதி இரண்டு ஆங்கிலத்தில் கவிதையும் உரைநடையும் சிறுகதையும் இருக்கும். வணிகக் கடிதங்கள் தனித்தாளாக வரும். விசாரணைக் கடிதம், விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, புகார்க் கடிதம், நிலுவைத் தொகை கேட்கும் கடிதம் என்று அதில் இருப்பவை அனைத்தும் நாங்கள் அன்றாடம் எழுதுபவையே. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளையும் கொண்டுவந்தது. தனிச்செலவு கிடையாது, கேட்டால் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார், கூடப் பேசிப் பழக வகுப்புத் தோழர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் பலருக்குக் கடிதம் எழுத வராமல் போவதற்குக் காரணம், மாதிரிக் கடிதத்தை மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கிவைப்பதுதான். பள்ளியில் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று விடுப்புக் கடிதம் எழுதிய அதே கை, கல்லூரியில் ‘வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்’ என்று தொடங்குகிறது. விடைத்தாளைத் திருத்துபவர் மதிப்பெண் போடுவார். பதில் எழுத மாட்டார். ஆகவே கடிதத்தில் மூட்டைகளின் எண்ணிக்கை விடுபட்டிருந்தாலும் யாருக்கும் இழப்பில்லை.

இதில் நம் மொழிப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் ஒருவரிடம் உதவி கேட்டுப் போனால் நலம் விசாரித்து, நிலைமையை விளக்கி, கடைசியில்தான் கேட்க வந்ததைச் சொல்வோம். அது நம் பண்பு, அதில் குறையேதும் இல்லை. வணிக மின்னஞ்சலிலோ கேட்க வந்தது முதல் இரண்டு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும், காரணம் பின்னால் வரலாம். இந்த ஒரு மாற்றத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்லித்தரும் ஆசிரியர் வாய்த்தால், அந்த வகுப்பு மற்ற மூன்று வழிகளையும்விட மேலானது என்றே சொல்வேன்.

அடுத்தது சான்றிதழ். கேம்பிரிட்ஜ் நடத்திவரும் வணிக ஆங்கிலத் தேர்வுகள் 1993இல் சீனாவில் தொடங்கியவை. ப்ரிலிமினரி, வான்டேஜ், ஹையர் என மூன்று படிகளாக, ஐரோப்பிய மொழித்திறன் அளவையின் பி1, பி2, சி1 நிலைகளோடு பொருந்துமாறு அமைந்தவை. நடுப்படியான வான்டேஜில் 45 நிமிடத்துக்குள் இரண்டு எழுத்துப் பணிகள் வரும்: அலுவலகத்துக்குள் அனுப்பும் 40 முதல் 50 சொற்களுக்குள் ஒரு குறிப்பு, பின்னர் 120 முதல் 140 சொற்களில் ஒரு கடிதமோ அறிக்கையோ முன்மொழிவோ. பேச்சுத் தேர்வில் இரண்டு தேர்வர்கள் சேர்ந்து இரண்டு தேர்வாளர்கள் முன் உட்கார்ந்து 14 நிமிடம் பேச வேண்டும். சொல்ல வேண்டிய செய்திகள் அனைத்தையும் ஐம்பது சொற்களுக்குள் அடக்கு என்னும் அந்தக் கட்டாயம் நல்ல பயிற்சி. பத்துப் பக்கம் எழுதிப் பழகிய நம் மாணவர்களுக்கு அது முதலில் மூச்சு முட்டும். மற்றொரு பெயர்பெற்ற தேர்வான டோயிக்கில், கேட்டலும் வாசித்தலும் சேர்ந்த பகுதி இரண்டு மணி நேரத்தில் 200 கொள்குறி வினாக்களாக முடிந்து 10 முதல் 990 வரை மதிப்பெண் தருகிறது. எழுதவும் பேசவும் தனித் தேர்வு. எழுதக் கற்கவேண்டிய மாணவர் கேம்பிரிட்ஜ் தேர்வையே தேர்ந்தெடுக்கட்டும்.

ஆனால் அந்தச் சான்றிதழ் எங்கே செல்லுபடியாகும் என்பதை யோசித்துவிட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். பெருநிறுவன வேலைக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ முயல்பவருக்கு அது ஒரு துணை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராகச் சேரப்போகிறவரிடம் அதை யாரும் கேட்கப்போவதில்லை. பச்சைத் தேயிலை விலை இறங்கிக் கிடக்கும் ஆண்டில் ஒரு சிறு விவசாயக் குடும்பம் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பயணத்துக்கும் பணம் புரட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாவது வழியான இணையவழிப் படிப்புக்கு ஸ்வயம் தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2017இல் மைய அரசு தொடங்கிய அதில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் தொடர்பியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்; சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி மையத்துக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும். கேட்கும் காது பழகுவதற்கு அருமையானது. எழுதியதைத் திருத்தித் தர ஆள் கிடைப்பது அங்கே அரிது.

நான்காவது வழியான அலுவலகப் பழக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடநூலில் ‘இன்வாய்ஸ்’ என்றால் விலைப்பட்டியல். தேயிலைத் தொழிற்சாலையில் அதே சொல், ஒரே தரத்தில் தயாராகி எண் இடப்பட்ட ஒரு தொகுதித் தேயிலையையும் குறிக்கும். ‘லிக்கர்’ என்பது இங்கே கோப்பையில் இறங்கிய சாறு. அது ‘பிரைட்’ என்றும் ‘பிரிஸ்க்’ என்றும் சுவை பார்ப்பவர் எழுதினால், நிறம் தெளிவாகவும் நாக்கில் துடிப்பாகவும் இருக்கிறது என்று பொருள். குன்னூர் ஏலத்துக்குப் போகும் சரக்கைப் பற்றி எழுதுபவருக்கு இந்தச் சொற்கள் தெரியாமல் ஒரு வரியும் ஓடாது. இவற்றை எந்தச் சான்றிதழ்த் தேர்வும் கேட்பதில்லை.

அதைவிட முக்கியமானது, தவறு உடனே திரும்பி வந்து நம் மேசையில் நிற்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏப்ரல் இறுதியில், அமெரிக்க வாங்குநர் ஒருவருக்குப் புதிய சாம்பிள்களை ‘05/06’ அன்று அனுப்புவதாக எழுதினேன். நான் எண்ணியது ஜூன் 5. அவர் மே 6 என்று படித்துக்கொண்டு, மே நடுவில் சாம்பிள் எங்கே என்று கேட்டார். அன்றிலிருந்து மாதத்தை எழுத்தால்தான் எழுதுகிறேன். 1,50,000 என்று நாம் காற்புள்ளி இடும் முறையும், லட்சம் என்ற சொல்லும், ‘பதில் அனுப்புங்கள்’ என்ற பொருளில் நாம் எழுதும் ‘ப்ளீஸ் ரிவர்ட்’டும் வெளியூரில் இதே குழப்பத்தைத் தரும். இவை இலக்கணப் பிழைகள் அல்ல. ஆகவே இலக்கண நூல் இவற்றைப் பிடித்துத் தராது.

மறுமுனையில் இருப்பவருக்கும் பல நேரம் ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதையும் அலுவலகத்தில்தான் உணர்ந்தேன். ரஷ்யாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ எழுதுபவர் நம்மைப் போலவே கற்றுக்கொண்டு எழுதுகிறார். பின்லாந்தின் லூஹியாலா-சால்மினென், சார்ல்ஸ், கங்கான்ரந்தா ஆகிய மூன்று ஆய்வாளர்கள், பின்னிஷ் நிறுவனங்களும் ஸ்வீடிஷ் நிறுவனங்களும் இணைந்தபோது ஊழியர்கள் ஆங்கிலத்தில் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று ஆராய்ந்து, 2005இல் அதை வணிகப் பொதுமொழி ஆங்கிலம் என்றே பெயரிட்டு எழுதினார்கள். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் பயன்படுத்தும் மொழி அது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது. அலங்காரச் சொற்றொடர்களை விட்டுவிட்டுத் தெளிவைத் தேடத் தொடங்குகிறார்.

அலுவலக வழிக்கும் குறை உண்டு. ஏன் அப்படி எழுத வேண்டும் என்று விளக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது. மூத்தவர் எழுதும் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ அப்படியே இளையவருக்கும் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லாத வாக்கியம் அது. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் ஊர் போய்ச் சேர முடியாத பெண்பிள்ளைகளுக்கு இந்த வழி எளிதாகவும் வாய்ப்பதில்லை.

ஆகவே தேயிலை, சுற்றுலா, காய்கறி வணிகம் என்று மலையிலேயே தங்கப்போகிறவருக்குக் கல்லூரிப் பாடத்தையும் அலுவலகத்தையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறேன். கோவைக்கோ சென்னைக்கோ இறங்கப்போகிறவர் இறுதியாண்டில் வான்டேஜ் தேர்வை எழுதட்டும், அதற்கு முன் வேண்டாம். தேர்வுகள் முடிந்து மே, ஜூன் விடுமுறை வரும்போது தொழிற்சாலைகளில் பச்சைத் தேயிலை வரத்து கூடியிருக்கும், விடுதிகளில் சீசன் கூட்டம் நிற்கும்; இரண்டு இடத்திலும் எழுதத் தெரிந்த ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும். அங்கே போகும்போது வணிகக் கடிதப் பாடநூலையும் ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அனுப்பிய மின்னஞ்சலை ஒரு பக்கத்திலும் அதற்கு வந்த பதிலை எதிர்ப்பக்கத்திலும், வாடிக்கையாளர் பெயரை விட்டுவிட்டு எழுதிவையுங்கள். கல்லூரி திறந்ததும் அந்த நோட்டை ஆங்கில ஆசிரியரிடம் கொடுங்கள்.