புது டேப்புக்குள் பழைய ஒயர்: லாரி வயரிங் வேலையில் நான் ஏமாந்த கதை

பழைய லாரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். மூன்று மாதத் தவணை கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தை, என்ஜின் வயரிங்கை முழுவதும் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்ன ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் கொடுத்துவிட்டு, என் பழைய ஒயரையே புது டேப் சுற்றித் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய கனரக வாகனங்களின் வயரிங் மட்டுமே செய்வதாகப் பெருமையாகப் பலகை மாட்டியிருக்கும் வகை என்பது போதும். நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. வேலைக்கு விடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்ஜின் மேல் போகும் ஒயர்க் கட்டைத் தாங்கியிருந்த கிளாம்ப் ஒன்று உடைந்து, அந்தக் கட்டு என்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கம் சரிந்து, எத்தனை நாள் அப்படியே கிடந்து வெந்ததோ தெரியவில்லை. முதலில் ஆயில் பிரஷர் விளக்கு காரணமில்லாமல் எரிந்தது. பிறகு டெம்பரேச்சர் முள் குதித்தது. அதன்பின் மேடு ஏறும்போது என்ஜினே நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. பம்ப்பில் டீசலைத் திறந்து வைத்திருக்கும் சொலினாய்டுக்குப் போகும் ஒயர் கருகியிருந்தால் இப்படித்தான் ஆகும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அது உண்மைதான்; அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன், தெரிந்துதான் செய்தார்.

நான் எங்கே நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒயர் ஒன்றைப் பிடித்து விரலால் லேசாக வளைத்தார். அதன் உறை காய்ந்த சுள்ளிபோல் ஒடிந்து, உள்ளே கறுத்துப் போயிருந்த தாமிர இழைகள் தெரிந்தன. "இதில் ஒட்டுப் போட்டால் அடுத்த ஒட்டு பக்கத்திலேயே விழும் அண்ணே, முழுக் கட்டையும் மாற்றினால்தான் நிம்மதி" என்றார். அத்தோடு நிற்கவில்லை. மேசை மேல் வேறு யாருக்கோ கட்டி வைத்திருந்த ஹார்னஸ், அதாவது முழு ஒயர்க் கட்டு ஒன்றைக் காட்டினார்: வெவ்வேறு நிற ஒயர்கள், ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டு, ஒயர்களை இணைக்கும் பளிச்சென்ற கப்ளர்கள், மேலே வரிவரியான பாதுகாப்புக் குழாய். இதேபோல்தான் உங்களுக்கும் என்றார். ஒயரும் கப்ளரும் வாங்க முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றபோது, அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தேன். மூன்று மாதத் தவணைப் பணம், ஒரே தடவையில்.

ஒன்பது நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது, மீட்டரைப் பஸ்ஸரில் (லைன் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும்) வைத்து ஒவ்வொரு லைனாகத் தொட்டுக் காட்டினார். எல்லாம் கத்தியது. நானும் தலையாட்டினேன். பஸ்ஸர் கத்துவதற்கு ஒரே ஒரு இழை அறுபடாமல் இருந்தால் போதும் என்பதும், அதிக மின்சாரம் ஓடும்போது அந்த ஒரு இழை தாங்காது என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. பழைய கட்டைக் கேட்டேன். எண்ணெய் ஊறிய குப்பை, எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். எப்படித் தருவார்கள், அது என் லாரியிலேயே அல்லவா இருந்தது!

நான்காம் நாள் இரவு, முகப்பு விளக்குகள் மங்கி, கேபினுக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து, என்ஜின் நின்றது. உதவிக்கு வந்த வயதான எலக்ட்ரீஷியன் முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுத்தான் டேப்பைப் பிரித்தார். சூட்டில் பசை உருகி அது கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே என் பழைய ஒயர். மிக மோசமாகக் கருகியிருந்த இடங்களை மட்டும் வெட்டி, ஒயர் முனைகளை இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் இல்லாமல், வெறும் கையால் முறுக்கி இணைத்திருந்தார்கள். பதினொரு முறுக்கு எண்ணினேன். சொருகியிருந்த புது ஒயர் எல்லாம் ஒரே சிவப்பு. எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவர் அதைக் கத்தியால் சுரண்டியபோது தாமிர நிறம் போய் வெள்ளையாக மின்னியது, அதாவது தாமிரம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு, அதிர்விலும் சூட்டிலும் முறுக்கு தளரத் தளர அந்த இடம் இன்னும் சூடாகும். இதைத்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் லைனில் வைத்திருந்தார்கள். மோசமான முறுக்குகளை அவர் தற்காலிகமாகச் சரிசெய்தபின் என்ஜினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தபோது 2.3 வோல்ட் காட்டியது, அதாவது அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது. நல்ல லைனில் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது.

பியூஸைப் பார்த்தபோதுதான் உண்மையில் பயம் வந்தது. 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் சொருகியிருந்தது. பியூஸ் இருப்பது ஒயர் எரியாமல் காப்பதற்கு. அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போட்டால், பியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். தூக்கத்தில் வண்டியோடு எரிந்திருப்பேன்.

இன்று காலையிலிருந்து நடந்தது இது. முதல் அழைப்பில், லைன் எல்லாம் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தோம், ஓவர்லோடு ஏற்றினீர்களா என்று கேட்டார். இரண்டாம் அழைப்பில் உங்கள் ஆல்டர்னேட்டர்தான் பழசு என்றார். படங்களை அனுப்பினேன்; பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது உதவியாளர் முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார், உள்ளே அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியே வந்து, "வேறு ஆள் கை வைத்துப் பிரித்துவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை அண்ணே" என்று முடித்துக்கொண்டார். பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ரசீதிலோ "வயரிங் வேலை" என்ற இரண்டே சொற்கள். புது ஒயர் என்றோ, முழுக் கட்டு என்றோ எங்கும் இல்லை. மூன்று மாதத் தவணைப் பணத்துக்கு இரண்டு சொற்கள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். ஆனால் அந்தப் பெரியவர் வந்து பானெட் பக்கம் நின்றுகொண்டிருக்கிறார், வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கும் பணம் புரட்ட வேண்டும். ஆகவே அவசரமாகச் சில மட்டும். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஒயரின் தடிமனும், தாமிரம் என்பதும், முழுக் கட்டு என்பதும் ரசீதில் எழுதப்பட வேண்டும். பழைய கட்டைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். டேப் சுற்றும் முன்பே போய்ப் பாருங்கள், சுற்றியபின் எல்லா வேலையும் அழகாகத்தான் தெரியும். பஸ்ஸர் சத்தத்தை நம்பாமல், விளக்குகளையெல்லாம் போட்டு, மின்சாரம் ஓடும்போது வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸ் பெட்டியை நீங்களே திறந்து, மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எர்த் போல்ட்டை, மின்சாரம் சரியாகப் போகாதபடி பெயின்ட் மேல் முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், எனக்கு அதையும் செய்திருந்தார்கள். பெரியவர் கூப்பிடுகிறார், போகிறேன்.